எந்தக் கட்சியும் பிடிக்கவில்லை, ஓட்டுப் போடணுமா? வட சென்னைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

தேர்தல் நெருங்கினால் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு, எண்ணூர் பக்கம் டீக்கடையிலும் படிப்பகத்திலும் சுற்றிச் சுற்றி வரும் கேள்விகள் இவை. "எவனும் சரியில்லை, நான் ஏன் போகணும்?" என்பதில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். எந்தக் கட்சிக்கும் ஆள் சேர்ப்பதற்காக இதை எழுதவில்லை. அதற்காக எழுதுகிறவனுக்குக் கருத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அது அங்கங்கே தெரியத்தான் செய்யும்.

ஒரு கட்சியும் பிடிக்கவில்லை. ஓட்டுப் போட்டே ஆகணுமா?

சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1924-லிருந்து கட்டாயம், போடாவிட்டால் அபராதம். இந்தியாவில் சட்டமன்றம், மக்களவை எதற்கும் அப்படி விதி கிடையாது. குஜராத்தில் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் கட்டாய வாக்களிப்புச் சட்டம் கொண்டுவந்து பார்த்தார்கள். 2015-ல் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. ஆக, வீட்டில் இருக்க முடிவு செய்தால் யாரும் உங்களை ஒன்றும் செய்ய முடியாது. அந்த முடிவால் என்ன ஆகும், என்ன ஆகாது என்று தெரிந்துகொண்டு எடுங்கள், அவ்வளவுதான்.

போடாவிட்டால் ரேஷன் கார்டு கட் ஆகும், பேரை லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்கிறார்களே?

இரண்டும் பொய். ஓட்டுப் போடாததற்காக எந்த அரசு உதவியையும் நிறுத்த முடியாது. பேரையும் எடுக்க மாட்டார்கள். இறந்துபோனது, வீடு மாறியது, ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருப்பது, பேரை நீக்குவதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணங்கள். இதில் வீடு மாறியது என்பது நம் ஏரியாவில் பெரிய விஷயம், அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பிடித்த கட்சியே இல்லாதபோது எதை வைத்து முடிவு செய்வது?

பிடித்த கட்சியைத் தேடுவதை முதலில் விடுங்கள். ஜெயித்த பிறகு யாரிடம் போய்ச் சண்டை போட முடியும் என்று பாருங்கள்.

வட சென்னையில் யார் ஜெயித்தாலும் அடுத்த ஐந்து வருஷமும் சண்டைதான். 2023 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். மாத ஆரம்பத்தில் மிக்ஜாம் வெள்ளம். அந்தத் தண்ணீரோடு சேர்ந்து கச்சா எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகம் வரை வந்து படகிலும் வலையிலும் அப்பியது. மீனவர்கள் கையாலேயே எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அது அடங்குவதற்குள், 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கத்தில் அமோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். ஒரே மாதத்தில் மூன்று. இது போக நாள்தோறும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகை, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை, மழை பெய்தால் சுரங்கப்பாதையில் தண்ணீர், குழாயில் சாக்கடை கலந்து வருவது.

இந்த லிஸ்ட்டில் எதையும் எந்தக் கட்சியின் கொள்கையும் தானாக வந்து தீர்க்கப் போவதில்லை. நாம் போய் நிற்கணும். நின்றால் கதவைத் திறக்கிற ஆளா, உள்ளே இருந்துகொண்டே ஊரில் இல்லை என்று சொல்லச் சொல்கிற ஆளா? அதிகாரியை ஸ்பாட்டுக்குக் கூட்டி வருவாரா? தன் கட்சி ஆட்சியில் இருக்கும்போதும் மந்திரியிடம் போய் எங்கள் ஏரியாவுக்கு இது வேணும் என்று மல்லுக்கட்டுவாரா, இல்லை மேலிடம் கோபித்துக்கொள்ளும் என்று வாயை மூடிக்கொள்வாரா? வெள்ளத்தின்போது எந்த நாள் வந்தார், எதோடு வந்தார் என்று தெருவில் பெண்களைக் கேட்டால் அச்சுப் பிசகாமல் சொல்வார்கள். எந்தக் கருத்துக்கணிப்பை விடவும் நான் அதைத்தான் நம்புவேன்.

முதலில் கழித்துக்கட்ட வேண்டியது, கேள்வி கேட்டவன் வீட்டுக்கு ஆள் அனுப்புகிறவரை. அவர் கட்சி எவ்வளவு நல்ல கட்சியாக இருந்தாலும் சரி. நாளைக்குச் சண்டை போடவே விடமாட்டார் என்றால் மற்றதெல்லாம் பேசி என்ன பயன்?

அதை எப்படித் தெரிந்துகொள்வது? எல்லாரும் கும்பிட்டுக்கொண்டுதானே வருகிறார்கள்?

வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் பிரமாணப் பத்திரம் தரணும். படிவம் 26 என்று பேர். அதில் நிலுவையில் உள்ள வழக்கு, சொத்து, கடன், அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி, படிப்பு எல்லாம் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் இறக்கிப் பார்க்கலாம். பக்கம் நிறைய இருக்கிறதே என்று மலைக்காதீர்கள். வழக்குப் பகுதியை மட்டும் முதலில் படியுங்கள்.

படிக்கும்போது ஒரு விஷயம். வழக்கு எத்தனை என்று எண்ணுவதில் பிரயோஜனம் இல்லை, என்ன வழக்கு என்று பாருங்கள். சாலை மறியல், அனுமதி இல்லாமல் கூட்டம் கூடியது, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது, இதெல்லாம் போராட்டத்துக்குப் போகிற எவர் மீதும் விழும். வட சென்னையில் குப்பைக்கும் தண்ணீருக்கும் மறியல் செய்யாத ஆள் உண்டா? அப்படி வழக்கு இருந்தால் எனக்கு அது குறையாகவே தெரியாது. கொலை முயற்சி, மிரட்டிப் பணம் பறித்தல், நில மோசடி, பெண்களுக்கு எதிரான குற்றம், இவை வேறு ரகம். வழக்கு இருப்பவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியே காரணம் எழுதி வெளியிடணும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் உத்தரவிட்டிருக்கிறது. அந்தக் காரணங்களையும் படித்துப் பாருங்கள். சில சமயம் சிரிப்பு வரும்.

எம்.எல்.ஏ., எம்.பி., கவுன்சிலர், யாரிடம் எதற்குச் சண்டை போடுவது?

இது தெரியாததால்தான் பாதி கோபம் தப்பான தேர்தலில் வந்து விழுகிறது. தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், மாநகராட்சிப் பள்ளி என்றால் கவுன்சிலர். குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியம், பட்டா வருவாய்த் துறை, குடியிருப்பு என்றால் முன்பு குடிசை மாற்று வாரியமாக இருந்த நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். இவை எல்லாமே மாநில அரசு, அதனால் சட்டமன்றத் தேர்தல் சமாச்சாரம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாநிலத்துடையதுதான். ஆனால் சென்னைத் துறைமுகமும் எண்ணூர்க் காமராஜர் துறைமுகமும் ஒன்றிய அரசின் கையில். மணலி சுத்திகரிப்பு ஆலை ஒன்றிய அரசின் பொதுத்துறை நிறுவனம். ஆகவே லாரி வரிசைக்கும் எண்ணெய்க்கும் எம்.பி.யையும் உலுக்கணும்.

வட சென்னை மக்களவைத் தொகுதியில் திருவொற்றியூர், ராதாகிருஷ்ணன் நகர் (ஆர்.கே. நகர்), பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள். உங்கள் கோபம் எந்த ஆபீஸைச் சேர்ந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டால், "எவனும் சரியில்லை" என்பது "இந்த விஷயத்துக்கு இவர் சரியில்லை" என்று கொஞ்சம் சுருங்கும். சுருங்கினால் முடிவெடுக்க முடியும்.

என் ஒரு ஓட்டால் என்ன மாறிவிடப் போகிறது?

ஒரு ஓட்டுதான் ஜெயிக்க வைக்கும் என்று நான் கதை விட மாட்டேன். 2024-ல் வட சென்னை மக்களவைத் தொகுதியின் வித்தியாசம் 3.39 லட்சம். அதில் உங்கள் ஓட்டும் என் ஓட்டும் முடிவை அசைக்கவில்லை. ஆனால் 2021-ல் இதே சென்னையில் தியாகராய நகரில் வித்தியாசம் 137. 2016-ல் ராதாபுரத்தில் 49. ராஜஸ்தானில் 2008-ல் முதலமைச்சர் ஆகலாம் என்று பேசப்பட்டவர் ஒரே ஓட்டில் தோற்றார். எந்தத் தொகுதி எந்த வருஷம் தியாகராய நகர் ஆகும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரிவதில்லை.

நான் கவனித்த வரையில் இதைவிட முக்கியமான கணக்கு வேறு. தேர்தல் முடிந்ததும் எந்தப் பூத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று பூத் வாரியாகப் பட்டியல் வெளியாகும். படிவம் 20. ஒரு பூத் என்றால் ஆயிரத்துச் சொச்சம் பேர், நாலைந்து தெரு. நாமெல்லாம் யார் ஜெயித்தது என்று பார்த்துவிட்டு டிவியை அணைத்துவிடுவோம். கட்சியின் வட்டச் செயலாளர் அப்போதுதான் அந்தப் பட்டியலை விரித்துவைத்து உட்காருவார். எந்தத் தெரு நமக்குப் போட்டது, எந்தத் தெரு மாறிவிட்டது, எந்தத் தெரு வரவே இல்லை என்று அவருக்கு அத்துப்படி. மாறிப் போட்ட தெருவை அடுத்த முறை சமாதானப்படுத்த ஓடி வருவார். வராத தெருவுக்கு எதற்கு வரணும்?

அப்போ யாருக்குப் போட்டேன் என்று அவர்களுக்குத் தெரியுமா?

தெரியாது. நீங்கள் வந்தீர்களா இல்லையா என்பது மட்டும் தெரியும். பூத் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருக்கும், வருகிறவர் பேரை டிக் அடித்துக்கொண்டே போவார்கள். மதியம் மூணு மணிக்கு மேல் "அண்ணே, இன்னும் வரலியா" என்று வீட்டுக்கு ஆட்டோ வருவது அந்த டிக் கணக்கை வைத்துத்தான். எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. யாருக்குப் போட்டீர்கள் என்று காட்ட, இயந்திரத்தின் பக்கத்தில் ஏழு விநாடி கண்ணாடிக்குள் தெரிகிற சீட்டும் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் அறுந்து பெட்டிக்குள் விழுந்துவிடும், கையில் கிடைக்காது.

வீட்டுக்காரர், மாமியார் எல்லாரும் பரம்பரையாக ஒரே கட்சி. நான் மாற்றிப் போட்டால்?

போடுங்கள். வீட்டில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மறைப்புக்குப் பின்னால் உங்களோடு யாரும் வர முடியாது. பார்வையில்லாதவர்களும் உடல் இயலாதவர்களும் துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம், அது தவிர வேறு யாருக்கும் அனுமதி இல்லை. யாருக்குப் போட்டே என்று கேட்டால் என்ன சொல்வது என்பதை உங்கள் சாமர்த்தியத்துக்கே விட்டுவிடுகிறேன்.

நோட்டா போடலாமா? அதனால் ஏதாவது நடக்குமா?

முதலில் அது எப்படி வந்தது என்று பார்ப்போம். மக்கள் சிவில் உரிமைக் கழகம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பர் 27 அன்று தீர்ப்புச் சொன்னது. யாரையும் பிடிக்கவில்லை என்று சொல்வதும் ரகசியமாக இருக்கணும், அதற்கும் ஒரு பொத்தான் வை என்றது. தமிழ்நாட்டில் அதே வருஷம் டிசம்பரில் ஏற்காடு இடைத்தேர்தலில் முதலில் வந்தது. இயந்திரத்தில் கடைசிப் பொத்தான். ஓட்டுச்சீட்டின் மேல் பெருக்கல் குறி போட்ட படம் 2015-ல் சேர்ந்தது.

இப்போது அதன் பலம் என்ன? சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் நோட்டா எத்தனை வாங்கினாலும் தேர்தல் ரத்தாகாது. எல்லா வேட்பாளரையும்விட அதிகம் வாங்கினாலும், வேட்பாளர்களில் முதலில் நிற்பவர் ஜெயித்ததாக அறிவிப்பார்கள். டெபாசிட் கணக்கிலும் அது சேராது. 2024-ல் இந்தூரில் முக்கிய எதிர்க்கட்சி வேட்பாளர் கடைசி நேரத்தில் விலகிவிட்டார். அந்தக் கட்சியே நோட்டாவுக்குப் போடச் சொன்னது. 2.18 லட்சம் பேர் போட்டார்கள். இந்தியாவிலேயே இதுதான் அதிகம். ஜெயித்தவர் பத்து லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டார்.

தமிழ்நாட்டிலும் அதன் மவுசு குறைந்துகொண்டுதான் வருகிறது. 2016 சட்டமன்றத் தேர்தலில் சுமார் 5.6 லட்சம் பேர் போட்டார்கள். 2021-ல் அது 3.45 லட்சம் சொச்சம், ஒரு சதவீதம்கூட இல்லை.

நம் ஏரியாவில் நோட்டா பேர் வாங்கியது 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில். நோட்டாவுக்கு 2,373, மத்தியில் ஆண்ட பா.ஜ.க.வுக்கு 1,417. நாடு முழுக்கச் செய்தியானது. அதற்காக அந்தத் தேர்தல் முடிவில் ஒன்றும் மாறவில்லை.

அப்படியென்றால் வீணா என்றால், மாநிலக் கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட வீண்தான் என்பது என் எண்ணம். பூத் கணக்கில் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன படிவம் 20-ல் நோட்டாவுக்கும் ஒரு கட்டம் உண்டு. பக்கத்துப் பூத்களில் ஏழும் எட்டுமாக இருக்கும் இடத்தில் உங்கள் பூத்தில் மட்டும் இருநூறு என்று வந்தால், வட்டச் செயலாளர் முதல் பகுதிச் செயலாளர் வரை அந்தத் தெருவில் என்ன பிரச்சனை என்று விசாரிப்பார்கள். அதற்கு நாலைந்து தெரு சேர்ந்து பேசி, எதற்காகப் போடுகிறோம் என்று வெளியே சொல்லிவிட்டுப் போடணும். தனியாளாகக் கோபத்தில் அழுத்திவிட்டு வந்தால் மனசுக்கு ஒரு ஆறுதல் கிடைக்கும், அதற்கு மேல் இல்லை.

49 ஓ என்று முன்பு சொல்வார்களே?

நோட்டாவுக்கு முந்தைய வழி. பூத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு நான் யாருக்கும் போடவில்லை என்று அதிகாரியிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுத வைக்கணும். அத்தனை ஏஜென்ட் முன்னாலும். ரகசியம் எங்கே இருக்கிறது? அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் நோட்டா வந்தது. 49 ஓ அதிகமானால் மறுதேர்தல் என்று ஒரு காலத்தில் சுற்றிய தகவல் அப்போதும் பொய்தான்.

வீட்டில் இருப்பது, நோட்டா, இரண்டில் எது மேல்?

நோட்டா. வீட்டில் இருந்தால், வெறுத்துப்போய் இருந்தீர்களா, தூங்கினீர்களா, துறைமுகத்தில் ஷிப்டா, ஊருக்குப் போய்விட்டீர்களா என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் ஒரே எண்ணில் கரைந்துவிடும். இன்னொன்று, வராதவர் பேரில் கள்ள ஓட்டு விழவும் வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் போகும்போது ஏற்கெனவே உங்கள் பேரில் ஓட்டு விழுந்திருந்தால் அதிகாரியிடம் கேட்டு டெண்டர் ஓட்டுப் போடலாம். காகிதச் சீட்டில் தருவார்கள், தனி உறையில் வைப்பார்கள். நீதிமன்றம் கேட்டால் தவிர அது எண்ணிக்கைக்கு வராது. ஆனாலும் போடுங்கள். கள்ள ஓட்டு விழுந்ததற்கு அது எழுத்தில் சாட்சி.

பெரிய கட்சி எதற்கும் மனசு வரவில்லை. சுயேச்சைக்கோ சின்னக் கட்சிக்கோ போட்டால் ஓட்டு வீண்தானே?

ஜெயிக்கிறவருக்குப் போட்டால்தான் ஓட்டு வீணாகாது என்றால், தோற்றவர்களுக்குப் போட்ட லட்சக்கணக்கானவர்கள் எல்லாம் வீணா? 2017 ஆர்.கே. நகரில் 59 பேர் போட்டியிட்டார்கள். ஜெயித்தவர் குக்கர் சின்னத்தில் நின்ற சுயேச்சை, வித்தியாசம் 40,707. அவர் பின்னால் ஒரு பெரிய கட்சியின் பாதி இருந்தது என்பது வேறு விஷயம். சாதாரணச் சுயேச்சைக்கு அந்த வசதி இல்லை.

சின்னக் கட்சிக்கு விழும் ஓட்டுக்கு ஒரு நேரடிப் பயன் உண்டு. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000, பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு அதில் பாதி. மாநிலம் முழுக்க 8 சதவீதம் தாண்டினால், ஒரு இடமும் ஜெயிக்காவிட்டாலும் மாநிலக் கட்சி என்ற அங்கீகாரம். 2024 மக்களவைத் தேர்தலில் நாம் தமிழர் கட்சிக்கு அப்படித்தான் கிடைத்தது. அவர்கள் அரசியல் உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது உங்கள் விஷயம்.

ஒரே எச்சரிக்கை. போட்டி நெருக்கமாக இருந்து, இருவரில் ஒருவர் வரவே கூடாது என்று நீங்கள் நினைத்தால், அப்போது மூன்றாவது ஆளுக்குப் போடுவதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுக்கச் சம்மதம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "கெட்டதில் கொஞ்சம் நல்லது" என்று போடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஓட்டுப் போட்டதாலேயே அந்தக் கட்சி செய்த எல்லாவற்றுக்கும் நீங்கள் ஜவாப்தாரி ஆகிவிடுவதில்லை. மறுநாளே அவர்களை எதிர்த்து மறியலில் உட்காரலாம்.

காசு வாங்கிவிட்டோம். இப்போது என்ன செய்வது?

யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. தனியாக வந்து கேட்பார்கள்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு. பணப் பட்டுவாடாவால் தேர்தலையே நிறுத்தியது நம் தொகுதியில் நடந்திருக்கிறது. 2017 ஏப்ரல் 12 அன்று நடக்க இருந்த ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தாகி, டிசம்பர் 21-க்குத் தள்ளிப்போனது. அதற்கு முன் 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், பின்னால் 2019-ல் வேலூர்.

சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள், பிள்ளை தலையில் கை வைக்கச் சொன்னார்கள் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கியவன் கொடுத்தவனுக்குக் கடன்பட்டவன் என்ற நினைப்பு நம் ஜனங்களுக்கு ஆழமாக இருக்கிறது. காசு கொடுக்கிறவர்கள் பிழைப்பதே அந்த நேர்மையை நம்பித்தான் என்பதை நினைத்தால் எரிச்சலாக வரும். சட்டவிரோதமான காரியத்துக்குச் செய்த வாக்குறுதி சட்டத்தில் செல்லாது. சாமியிடமும் செல்லாது என்றுதான் நான் நினைக்கிறேன். மறைப்புக்குப் பின்னால் உங்களுக்குத் தோன்றிய பொத்தானை அழுத்துங்கள்.

வாங்காமல் இருக்க முடிந்தால் வாங்காதீர்கள் என்று சொல்வதற்கு எனக்கு ஒழுக்கக் காரணத்தைவிட வேறு காரணம் இருக்கிறது. ஆறு மாதம் கழித்துச் சாக்கடை அடைத்துக்கொண்டு நீங்கள் போய்க் கத்தும்போது, "காசு வாங்கினே இல்ல, அப்புறம் என்ன?" என்று ஒரு அல்லக்கை கேட்பான். அந்த இடத்தில் வாய் அடைத்துவிடும். அந்த வாய்க்கு அவர்கள் கொடுத்த விலை ரொம்பக் குறைவு.

பட்டுவாடாவைக் கண்டால் சி-விஜில் செயலியில் படமோ வீடியோவோ எடுத்து, பேர் சொல்லாமலே புகார் தரலாம். 100 நிமிஷத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் கணக்கு. உங்கள் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

எங்கள் தெருவே சேர்ந்து தேர்தலைப் புறக்கணித்தால்?

கறுப்புக் கொடி கட்டி, பேனர் வைத்து, ஊரே சேர்ந்து செய்தால் அது தனியாள் வீட்டில் இருப்பது போல் இல்லை, எல்லார் காதிலும் விழும். பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2024-ல் அப்படிச் செய்தார்கள். வெகு சிலரே ஓட்டுப் போட்டார்கள். அதிகாரிகள் வந்து பேசினார்கள், பத்திரிகையில் வந்தது. திட்டம் அதனால் கைவிடப்படவில்லை. புறக்கணிப்பு ஒரு கேள்வியை ஊர் பேசும்படி செய்யும். பதிலை வாங்கித் தர அதனால் முடிந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. கறுப்புக் கொடி ஏற்றினதுமே தாசில்தார் ஓடிவந்து எழுதிக்கொடுப்பாரே, அந்த நேரத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடப் போவது கெட்டிக்காரத்தனம்.

மாநகராட்சித் தேர்தலுக்குமா மெனக்கெடணும்?

அதற்குத்தான் முதலில் மெனக்கெடணும். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகு 2022 பிப்ரவரி 19 வரை சென்னையில் கவுன்சிலர் தேர்தலே இல்லை. ஐந்து வருஷத்துக்கும் மேல் தெருவிளக்குக்குக்கூட அதிகாரியைத் தேடி அலைந்தோம். கடைசியில் தேர்தல் வந்ததும் சென்னையில் பாதிப்பேர்கூட ஓட்டுப் போடவில்லை, 44 சதவீதத்தைத் தொடவில்லை. அந்தத் தேர்தலில் நோட்டா பொத்தானும் கிடையாது. எதிர்ப்பைக் காட்ட வேண்டுமானாலும் ஒரு ஆளுக்குத்தான் போட்டாகணும். வித்தியாசம் சில நூறுகளில் முடிவது வார்டில்தான் அதிகம், கவுன்சிலர் வீடும் பெரும்பாலும் நடந்துபோகிற தூரத்தில்தான் இருக்கும்.

ஓட்டுப் போடாதவனுக்குக் கேள்வி கேட்க உரிமை இல்லையாமே?

யார் சொன்னது? தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடும்போது விரலில் மை இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இந்த ஊர்ச் சரித்திரமே இதற்குப் பதில். பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தபோது, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் கூட நின்றார்கள். சொத்தும் வரியும் பார்த்து ஓட்டுரிமை கொடுத்த காலம் அது, தறியில் நின்ற பெரும்பாலோருக்கு ஓட்டே இல்லை. 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து துப்பாக்கிச்சூடு வரை சந்தித்தார்கள். ஓட்டு இல்லாதவர்கள்தான் இந்த ஊருக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தவர்கள். கொடுங்கையூரில் குப்பை எரிக்கும் உலை வேண்டாம் என்று இப்போது நிற்கிறவர்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், ஓட்டே போடாதவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் இதைத் திருப்பி, நான் போராடுகிறேன், எனக்கு ஓட்டு எதற்கு என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. உலை வேண்டாம் என்று மனுக் கொடுக்கப் போகும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பது அந்த ஓட்டில்தானே முடிவாகிறது?

பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள், ஓட்டு மட்டும் பழைய இடத்தில் இருக்கிறது. என்ன செய்வது?

கரையோரத்திலிருந்து பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று மாற்றப்பட்ட குடும்பங்களுக்கு இது பெரிய தலைவலி. படிவம் 8 கொடுத்துப் புது முகவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ப்பதற்குப் படிவம் 6. பதினெட்டு வயது கணக்கை இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதி என்று வருஷத்துக்கு நாலு முறை பார்க்கிறார்கள். சந்தேகம் என்றால் 1950-க்குப் போன் செய்யலாம். 2025 கடைசியில் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் கதவு பூட்டியிருந்த வீடு, மாறிப்போன ஆள் என்று நிறையப் பேர் விடுபட்டார்கள். ஆகவே கையில் அட்டை இருக்கிறதே என்று சும்மா இருக்காதீர்கள், பட்டியலில் பேர் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டை இருந்து பட்டியலில் பேர் இல்லை என்றால் ஓட்டு இல்லை. பேர் இருந்து அட்டை இல்லை என்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய பாஸ்புக் மாதிரி வேறு அடையாளம் போதும். பூத் சிலிப் மட்டும் அடையாளமாகச் செல்லாது.

தேர்தல் நாள் வரைக்கும் முடிவே வரவில்லை என்றால்?

அவசரம் இல்லை. சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை நேரம் இருக்கிறது. கடைசி நாளில் புதிதாக எதையும் படிக்க வேண்டாம். பத்து மணி வாக்கில் தெருவில் இறங்கி, போன மழையில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது உங்களோடு நின்ற நாலு பேரிடம் யாருக்குப் போடுகிறார்கள், ஏன் என்று கேளுங்கள். நாலு பேரும் நாலு பதில் சொன்னாலும் அந்த "ஏன்" உங்களுக்கு உதவும். சாயங்காலம் ஆறு மணிக்குள் பூத் வளாகத்துக்குள் வரிசையில் நின்றுவிட்டால் போதும். ஆறு மணிக்கு வரிசையில் உள்ள எல்லாருக்கும் எண் போட்ட சீட்டுத் தருவார்கள், நடுவில் யாரும் புகுந்துவிடாதபடி கடைசியில் நிற்பவரிடமிருந்துதான் கொடுக்க ஆரம்பிப்பார்கள். ஆறு மணிக்கு ஓடி வந்து நிற்கிறவருக்குத்தான் முதல் நம்பர்.